திரும்பி வருவதும் தவமே

காஷ்மீரத்தின் சோனாமார்க்கில் புறப்பட்டு, விஷன்சர், கிருஷன்சர், கட்சர், கங்காபல் ஏரிகளைத் தரிசித்து நாராநாக்கில் இறங்கும் மலைப்பயணத்திற்கு அன்பர்கள் பலர் திட்டமிடுகின்றனர். வழியிலுள்ள கட்சர் கணவாய் ஏறக்குறைய 4,200 மீட்டர் உயரமுடையது.

கம்பளி, கூடாரம், உணவு யாவும் பட்டியலில் இடம்பெறுகின்றன; நாட்களை மட்டும் சுருக்கிவிடுகிறோம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கொரு முறை ஓய்வும் வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. குறைந்த பிராணவாயுவுக்கு உடல் பழக அவகாசம் தேவை.

தலைவலியும் குமட்டலும் தோன்றியும் அவற்றை மறைக்கச் செய்வது எது? ‘நான் பின்தங்கலாகாது’ என்னும் அகங்காரமே. அந்த மௌனம், அவரைச் சுமந்து இறங்க வேண்டிய துணைவர்களையும் ஆபத்தில் ஆழ்த்தும். அறிகுறி தோன்றினால் மேலே ஏறலாகாது. முற்றினால் உடனே இறங்க வேண்டும்.

ஆகவே, திட்டத்தின் முதல் வரியாக ‘தேவையெனில் திரும்புவேன்’ என்ற சங்கல்பத்தை எழுதுங்கள். சிவபெருமானின் உறைவிடமாகப் போற்றப்படும் ஹரமுக் சிகரத்தின் அடியில் உள்ளது கங்காபல். அதைக் காணும் ஆசையைக் கணவாயின் இப்புறமே சமர்ப்பித்துவிட்டு, தளர்ந்த துணைவரின் கைபற்றி இறங்குபவரின் யாத்திரை அங்கேயே நிறைவடைகிறது.