கழியின்மேல் ஒரு மனிதன்

வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதி வழியே தெற்கே செல்லும் உல்லாசப் பிரயாணிகளின் பஸ் வண்டி கொக்கலையில் நிற்கிறது. கடலில் நட்ட கழியொன்றில், குறுக்குக் கட்டைமீது, தூண்டிலோடு ஒரு மனிதன். தொன்றுதொட்ட தொழில் என்கிறார் வழிகாட்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவிய முறை இது என்பர், தொன்மை அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், கழியில் அமர்வோர் பலருக்கு மீனைவிடப் புகைப்படமே கூலி தருகிறது.

"ஏமாற்று வேலை" என்று பின் ஆசனத்தில் ஒருவர் முணுமுணுத்தார். உப்புக் காற்றிலும் வெயிலிலும் அம்மெல்லிய கட்டையில் மணிக்கணக்காக இருப்பது உழைப்பன்றி வேறென்ன? நாடக நடிகனுக்குக் காசு கொடுக்கையில் பொய்யென்று நாம் புலம்புவதில்லையே! வறுமை நம்மிடம் விலை கேட்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. இலவசமாக இருந்தவரை அதனை அழகு என்றோம்.

ஆயினும், கூலி கொடுத்துவிட்டால் பார்க்கும் உரிமை வந்துவிடுமா? 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வேடிக்கை பார்த்து நின்றோரை நாம் இன்னும் மறக்கவில்லை. அதுவும் இதுவும் ஒன்றல்லதான். ஆனால் அன்று பார்க்கப்பட்டவர்கள் நாம்.

கரையில் நின்று காசு சேர்ப்பவரிடம் தாளொன்றை நீட்டிவிட்டு வண்டியேறினோம். கழியில் இருந்தவரின் பெயரைக் கேட்கவில்லை.