அண்ணா, ஒரு டீ!

காந்திபுரத்துப் பேக்கரி. டீ சொல்ல வேண்டும். தொண்டை அடைக்கிறது. "நீ சொல்லுடா" என்று கூட வந்தவனைத் தள்ளிவிட்டு செல்போனை நோண்டுகிறாய். அப்பாடா, தப்பித்தாயிற்று! அந்த நிம்மதிதான், கண்ணு, உனக்கு விஷம். ஒதுங்கும்போதெல்லாம் 'ஓடியதால் பிழைத்தேன்' என்று உடம்பு ஒரு பொய்யைப் பாடமாகப் படிக்கிறது. இன்றைக்கு டீ. நாளைக்கு வைவா, கேம்பஸ் இன்டர்வியூ, சொந்த மாமன் வீட்டுக் கல்யாணம்.

யாருக்குப் பயம்? 'நாலு பேரு'க்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-சர்ட்டை மாட்டி, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் பார்த்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். பார்த்தது ஏறக்குறைய கால்வாசிப்பேர்தான். 2000-இல் வெளிவந்த ஆய்வு இது. உன் நாலு பேரில் மூன்று பேர் அவரவர் கவலையில் இருக்கிறார்கள்!

"சரிங்க, நெசமாவே ஊரே பார்த்தா?"

பார்த்தது. கோவை பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தத்தைப் பார்த்தது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பெண்களுக்கு மலிவான மாதவிடாய் நாப்கின் செய்து, அதைச் சோதிக்க ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, தானே அணிந்து சைக்கிள் மிதித்தார். கறை படிந்த துணியைப் பொதுக் கிணற்றடியில் துவைத்தார். வியாதிக்காரன் என்றார்கள், பேய் பிடித்தவன் என்றார்கள். மனைவி பிரிந்தார், தாயும் பிரிந்தார். நீ ராத்திரியெல்லாம் கற்பனை செய்து நடுங்குவது அத்தனையும் அவருக்கு நடந்தது. மனிதர் வேலையை விடவில்லை. 2012-இல் பெங்களூரு டெட் மேடையில் தனக்கு வந்த இங்கிலீஷிலேயே பேசினார். இலக்கணம் தடுக்கி விழுந்தது, அவர் விழவில்லை. அரங்கம் அவரோடு சேர்ந்து சிரித்தது. 2016-இல் பத்மஸ்ரீ. பிரிந்துபோன மனைவி எப்போதோ திரும்பி வந்திருந்தார்.

அவர் கூச்ச சுபாவி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். உனக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். பயம் தீர்ந்தபிறகு பேசலாம் என்று காத்திருக்காதே; பேசினால்தான் அது தீரும். டவுன் பஸ்ஸில் "உக்கடம் போகுங்களா?" என்று கேள். பதில் தெரிந்தாலும் கேள்! கல்யாணப் பந்தலில் கடைசி நாற்காலிக்கு ஓடாமல், படபடப்பு தானாக இறங்கும்வரை அங்கேயே நில். வகுப்புக்கும் வேலைக்கும் போகவே விடாத அளவு முற்றியிருந்தால் மனநல மருத்துவரைப் பார். 14416-க்கு அடித்தால் டெலி மனாஸ் என்ற மனநல உதவிச் சேவையில் இலவசமாகவே பேசலாம். காய்ச்சலுக்கு ஊசி போட வெட்கப்பட்டாயா என்ன?

நாளைக் காலை அதே பேக்கரிக்குப் போ. தனியாகப் போ. செல்போன் பையிலேயே கிடக்கட்டும். "அண்ணா, ஒரு டீ!" குரல் நடுங்கும், நடுங்கட்டும். அதோடு நிறுத்தாதே.

"சர்க்கரை கம்மியா!"