காவல்மரமும் முரசும்

சங்ககாலப் போர் மரபைப் பற்றி அண்மையில் ஒருநாள் வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்தேன். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று, தீவொன்றில் வாழ்ந்த பகைவரை வென்று, அவர்தம் காவல்மரமாகிய கடம்பை வெட்டி வீழ்த்தி, அம்மரத்தினாலேயே தனக்கு முரசு செய்துகொண்டான் என்பது பதிற்றுப்பத்துத் தரும் செய்தி. வழக்கம்போல் வீரத்தையும் வெற்றியையும் வியந்து பேசி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், மரத்தை வெட்டினது பகையால எண்டு வைப்பம். பிறகு அந்த மரத்திலயே தங்கட முரசைச் செய்தது என்ன நியாயம்?”

வெற்றிச் சின்னம் என்று ஏட்டில் உள்ள விடையைச் சொன்னேன். அவன் அமர்ந்துவிட்டான், ஆனால் அவன் வினா அமரவில்லை. மாலையில் காரைநகருக்குப் போகும் பாதைக்காக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காத்து நின்றபோது, கடல் நடுவே கடற்கோட்டை தெரிந்தது. போர்த்துக்கேயர் எழுப்பினர், ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு கைப்பற்றினர், பின்னர் ஆங்கிலேயர் கொண்டனர், இன்று கடற்படையின் பொறுப்பில் உல்லாச விடுதியாக நிற்கிறது. எங்கள் துறையின் பெயரிலேயே ‘காவல்’ என்னும் சொல் இருக்கிறது. ஆனால் யாருடைய காவல்? யாருக்காகக் காவல்? தோற்றவனின் படைக்கலத்தைப் பறிப்பது அறமா என்பது பழைய கேள்வி. பறித்தவனே பிறகு அவனைத் தன் படைக்குத் துணையாக அழைப்பது அறமா என்பதே அம்மாணவன் கேட்ட கேள்வி. நம் காலத்தில் இக்கேள்விக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு யப்பான். அந்த வரலாற்றில் நம் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

யப்பானின் காவல்மரம் வெட்டப்பட வேண்டிய மரம் என்பதில் ஐயமில்லை. 1910இல் கொரியாவை விழுங்கி, 1937இல் நான்கிங் நகரை இரத்தத்தில் மூழ்கடித்த இராணுவவாதம் அது. சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட இருப்புப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டனர். 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஹிரோசிமாவையும் நாகசாகியையும் எண்ணி நாம் விடும் கண்ணீர் இவற்றை மறைத்துவிடக் கூடாது.

1945இல் யப்பான் தோற்றது. மறு ஆண்டு பெப்ரவரியில், தளபதி மக்கார்தரின் தலைமையகம் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் புதிய அரசியலமைப்பு ஒன்றை வரைந்து யப்பானிய அரசிடம் நீட்டியது. 1947 மே 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, போரை நாட்டின் உரிமையாகக் கொள்வதை என்றென்றைக்கும் கைவிடுவதாகவும், தரைப்படை, கடற்படை, வான்படை எதனையும் வைத்திருப்பதில்லை என்றும் கூறுகிறது. உலகில் எந்த வல்லரசும் தனக்குத் தானே விதித்துக்கொள்ளத் துணியாத விதி அது.

வென்றவர் வரம்பு விதிப்பது புதிதன்று. 1919இல் வேர்சாய் உடன்படிக்கை செருமனியின் படையை ஓர் இலட்சம் பேராகக் குறைத்தது. வான்படையும் நீர்மூழ்கியும் கூடாதென்றது. விதித்தவர்களோ தமக்கு அத்தகைய வரம்பை விதித்துக்கொள்ளவில்லை. அவமானம் மட்டுமே செருமனிக்கு எஞ்சியது. அந்த அவமானத்தைக் கிற்லர் அறுவடை செய்தான். தோற்றவனை மட்டும் கட்டி வென்றவனைக் கட்டாத விதி சட்டமாக இருக்கலாம். அறமாக இருக்க முடியாது.

யப்பானிலோ அவமானத்துக்கு மேலும் ஒன்று நேர்ந்தது. 1950 யூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. இரண்டு வாரத்துக்குள், படையே கூடாதென்று எழுதிக் கொடுத்த அதே மக்கார்தர், 75,000 பேர் கொண்ட ‘தேசியப் பொலிஸ் சேமப்படை’ அமைக்குமாறு யப்பானுக்கு ஆணையிட்டார். பொலிஸ் என்பது பெயர். 1954இல் அதுவே தற்காப்புப் படையாக வளர்ந்தது. சீனம் செம்மையுற்றதும், கொரியாவில் துப்பாக்கி முழங்கியதும், தோற்ற யப்பான் திடீரெனத் தேவைப்பட்டது. வெட்டிய மரம் முரசாகத் தொடங்கியது அன்றுதான்.

1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சமாதான மாநாடு கூடியது. யப்பானியப் படையெடுப்பில் மிகப் பெரிய துன்பம் உற்ற சீனத்துக்கு அழைப்பே இல்லை. சோவியத் ஒன்றியம் திருத்தங்களை முன்வைத்தது: யப்பானின் படைக்கு வரம்பு வேண்டும், தன்னோடு போரிட்ட எந்த நாட்டுக்கும் எதிரான இராணுவக் கூட்டில் அது சேரக் கூடாது, அந்நியப் படைகள் வெளியேற வேண்டும். அவற்றை எதிர்த்துப் பேசியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டு நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா. யப்பான் முழுச் சுதந்திரம் பெற வேண்டும் என்றார். குண்டுவீச்சுக்கும் பிற அழிவுகளுக்கும் நட்டஈடு கேட்கும் உரிமை இலங்கைக்கு இருந்தும் கேட்கமாட்டோம் என்றார். பகையைப் பகையால் தணிக்க இயலாது என்னும் புத்தர் போதனையைக் காரணமாகக் காட்டினார். அந்த உரைக்கு நன்றியாகக் காமகுராவின் பெரிய புத்தர் சிலையருகே 1991இல் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது.

நட்டஈட்டைக் கைவிட்டது நல்ல செயலே. வறிய நாடொன்று தன்னைத் தாக்கியவனிடம் கைநீட்டாமல் நின்றது. இடதுசாரிகளாகிய நாம், சொன்னவர் யார் என்று பார்த்து நல்லதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்ட முழுச் சுதந்திரம் யப்பானுக்குக் கிடைத்ததா? செப்டெம்பர் 8ஆம் நாள் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதே நாள், அதே நகரில், அமெரிக்காவுக்கும் யப்பானுக்குமிடையே பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றும் கையொப்பமாயிற்று. அதன்படி அமெரிக்கப் படை யப்பானில் தங்கும்; அமெரிக்காவின் இசைவின்றி வேறெந்த நாட்டுக்கும் யப்பான் தளம் கொடுக்கலாகாது; யப்பானிய அரசு வேண்டினால் உள்நாட்டுக் கலகத்தை அடக்கவும் அப்படை பயன்படும். யப்பானைக் கட்டாயம் காப்போம் என்ற உறுதிமொழி மட்டும் அதில் இல்லை. ஒரு கையால் விலங்கைக் கழற்றி, மறு கையால் நுகத்தைப் பூட்டுவது மன்னிப்பாகுமா?

இந்தியா அம்மாநாட்டுக்குப் போகவில்லை. அந்நியப் படை தங்குவதை, யப்பான் சுதந்திரம் பெற்றபின் தானே தீர்மானிக்க வேண்டும் என்பது நேருவின் நிலை. 1952 யூன் 9ஆம் நாள் தனியே உடன்படிக்கை செய்த இந்தியாவும் நட்டஈட்டை வேண்டாமென்றது. ஆகவே பெருந்தன்மை காட்ட வல்லரசின் மேடை இன்றியமையாததன்று. இலங்கையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் அன்று பிரித்தானியப் படை நின்றது. தன் துறைமுகத்திலேயே பிறர் கொடி பறக்க, நம் மந்திரி பிறநாட்டின் சுதந்திரத்துக்காக வாதாடினார். அத்தளங்கள் 1957இல்தான் நம் கைக்கு வந்தன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். படையற்ற நாடு பகைவன் வாயில் விழாதா? சோவியத் ஒன்றியம் மட்டும் தூயதா? நியாயமான கேள்விகள். பிறருக்குக் கூட்டு கூடாதென்ற சோவியத் ஒன்றியமே 1955இல் வார்சோ ஒப்பந்தத்தை அமைத்தது. 1956இல் அதன் டாங்கிகள் ஹங்கேரித் தெருக்களில் ஓடின. இதை மறைத்துப் பேசும் முற்போக்கு, முற்போக்காகாது. எந்த மக்களுக்கும் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. வள்ளுவர் ‘படைச்செருக்கு’ என்றும் ‘இகல்’ என்றும் இரண்டு அதிகாரங்களை வகுத்தது காரணத்தோடுதான். காவலின் மாண்பு வேறு, பகை வளர்க்கும் நோய் வேறு.

என் வாதம் இவ்வளவே. பிறனுடைய படைக்கலத்தை வாங்கிக்கொள்பவன் இரண்டு கடன்களை ஏற்கிறான். ஒன்று, அவனைக் காத்தல். மற்றொன்று, அவனைத் தன் பகைக்குப் பயன்படுத்தாதிருத்தல். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மீறுவதே இராணுவக் கூட்டுகளின் இயல்பு. காவல் என்ற பெயரில் தளம் வரும். தளத்தைக் காக்கப் படை வரும். படை வந்தபின் அதன் பகைவரெல்லாம் நமக்கும் பகைவராவர். ஒக்கினாவாவைப் பாருங்கள். 1945இல் அங்கு நடந்த போரில் மக்களுள் ஏறத்தாழ நாலிலொருவர் மாண்டதாகக் கணிப்பர். 1972 வரை அமெரிக்கரே அத்தீவை ஆண்டனர். யப்பானிய நிலப்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான அந்நிலத்தில்தான், அமெரிக்கப் படைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இன்றும் இருக்கிறது. தீவில் வாழும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வரலாறு வல்லரசுகளோடு முடிந்துவிடவில்லை. அந்நியன் எழுதிக் கொடுத்த 9ஆம் உறுப்புரையை யப்பானிய மக்கள் தமதாக்கிக் கொண்டனர். அணுக்குண்டின் எரிகாயம் பட்டவர்களும், மகனைப் போரில் இழந்த தாய்மாரும், ஆசிரியர்களும், தொழிலாளரும் அதற்குப் பொருள் கொடுத்தனர். 1960இல் பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிக்க முனைந்தார் பிரதமர் கிசி. போர்க்கால மந்திரிசபையில் இருந்தவர், போர்க் குற்ற ஐயத்தில் சிறையிலிருந்தவர் அவர். இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். யூன் 15ஆம் நாள் பாராளுமன்ற வாயிலில் நடந்த மோதலில், தோக்கியோப் பல்கலைக்கழக மாணவி கன்பா மிச்சிகோ உயிரிழந்தாள். வயது இருபத்திரண்டு. உடன்படிக்கை நிறைவேறியது, ஆனால் கிசி பதவி விலகினார். அமெரிக்கச் சனாதிபதியின் வருகை நின்றது. யப்பானியத் தற்காப்புப் படை இன்றுவரை எந்தப் போரிலும் ஒருவரையும் கொல்லவில்லை என்றால், அது அம்மக்கள் காத்த வரம்பு.

அவ்வரம்பு இப்போது தேய்கிறது. 2014இல், கிசியின் பேரனாகிய பிரதமர் அபேயின் மந்திரிசபை, நட்பு நாட்டுக்காகவும் போரிடலாம் என்று 9ஆம் உறுப்புரைக்குப் புதுப்பொருள் கண்டது. 2015இல் அது சட்டமாயிற்று. 1976இல் தேசிய உற்பத்தியில் ஒரு சதவீதம் என்று வகுத்த செலவு எல்லையை, 2027ஆம் ஆண்டுக்குள் இரண்டு சதவீதமாக்குவதென 2022 டிசெம்பரில் தீர்மானித்தனர். உறுப்புரையில் ஒரு சொல்லும் மாறவில்லை. பொருள் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோவில் பகையின் பயனின்மையைப் போதித்தவர் இந்நாட்டின் சனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 யூலை வந்தது. தொலைவில் தோற்றவனுக்குக் காட்டிய பெருந்தன்மை, பக்கத்து வீட்டானுக்குக் கிடைக்கவில்லை. 1987 யூலை 29ஆம் நாள் இலங்கை–இந்திய ஒப்பந்தம் வந்தது. அதனோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை வேறு நாட்டின் இராணுவத்துக்கு விடுவதில்லை என்ற வாக்கும் இருந்தது. தமிழ் இளைஞரிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக் காவலைத் தருவதாகச் சொல்லிய படைக்கும் அவர்களுக்குமிடையே ஒக்டோபரிலேயே போர் மூண்டது. நடுவில் மாண்டவர் பொதுமக்கள். 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் கூட்டங்கூட்டமாக ஊர்விட்டுப் போனதை என் தலைமுறை பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வென்றவர் விழாக் கொண்டாடினர். 1951இல் யப்பானுக்குச் சொன்ன அந்த வார்த்தையை, அன்று தம் நாட்டுக் குடிமக்களுக்குச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிக்கவும் முடியாது. கடம்பு வெட்டிய கதையைப் பெருமையோடு கற்பிப்பவர் நாமே. அத்தீவில் வாழ்ந்தோர் யார், மரம் வீழ்ந்த அன்று அவர் குழந்தைகள் எங்கு ஓடினர் என்று ஒரு தமிழாசிரியனும் எனக்குக் கேட்டுத் தந்ததில்லை; நானும் என் மாணவருக்குக் கேட்டதில்லை. அதே சங்க இலக்கியத்தில்தான் கோவூர்கிழார் இருக்கிறார். பகைவனாகிய மலையமானின் சிறுவரை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவன்முன் நின்று, அச்சிறுவருக்காகப் பரிந்து பேசினார் அப்புலவர். நம் மரபில் முரசும் உண்டு. முரசைத் தடுத்த குரலும் உண்டு. எதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்பது நம் தேர்வு.

மறுநாள் அம்மாணவனை எழுப்பி, “நேற்று நான் சொன்னது விடையன்று; அதில் நியாயம் ஒன்றுமில்லை” என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது. பின்பு கோவூர்கிழாரின் பாட்டை எடுத்து, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.