சாம்பியன் ரீப்ஸில் கண்ணாடி இறக்குவது பற்றி

காற்றடிக்கும் மாதங்களில், பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் பக்கம் கார் கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்பது வெறும் சௌகரியம் பற்றிய கேள்வி அல்ல. சைனைடு மேடுகள் இருக்கின்றன. பல தலைமுறைகளாகப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக்கொட்டி எழுந்த மேடுகள்; மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். விரலிடுக்கில் தேய்த்தால் நெறநெறப்புக்கூடத் தெரியாத நைசான தூள் அதில் உண்டு. காற்று கிளம்பினால் முதலில் கிளம்புவது அதுதான்.

ஆனால் அமைதியான காலைகளும் இந்த ஊரில் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். அந்த வேளையில் ஏசி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும்.

*

எதிர்க்காற்று முன்ஜன்னலில் நுழைந்து பின்ஜன்னலில் போகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

முகப்புக் கண்ணாடியில் மோதும் காற்று இரு பக்கத் தூண்களையும் சுற்றிக்கொண்டு வேகமெடுத்து ஓடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். எனவே முன்கதவு ஜன்னலுக்கு வெளியேதான் உறிஞ்சல் அதிகம். பின்கதவுக்கு வருவதற்குள் வேகம் தணிந்து அழுத்தம் ஓரளவு மீண்டுவிடும். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தால், காற்று பின்ஜன்னல்களில் நுழைந்து, வண்டிக்குள் முன்னோக்கி வந்து, முன்ஜன்னல்கள் வழியே வெளியேறுகிறது. வண்டி போகும் திசையிலேயே உள்காற்றும் போகிறது.

கொரோனா காலத்தில் வர்கீஸ் மத்தாய், அசிமான்ஷு தாஸ், ஜெஃப்ரி பெய்லி, கென்னத் ப்ரூயர் ஆகியோர் இதைக் கணினியில் கணக்கிட்டார்கள். 2020 இறுதியில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்தது. டொயோட்டா ப்ரியஸ் சாயலில் ஒரு கார், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்; ஓட்டுநர் முன்னால், பயணி பின்னிருக்கையில் எதிர்மூலையில். நான்கும் திறந்திருப்பது நல்லது, நான்கும் மூடியிருப்பது கெட்டது என்பதை யாரும் ஊகிக்கலாம். இரண்டு மட்டும் திறப்பதானால் எவை? அவரவர் பக்கத்து ஜன்னல் என்று கை தானாகப் போகும். கணக்கு சொன்னதோ, ஆளில்லாத இருக்கைகளின் ஜன்னல்களை. பயணிக்கு எதிர்ப்பக்கம் பின்னால் நுழைகிற காற்று, பின்னிருக்கையைக் குறுக்கே கடந்து, ஓட்டுநருக்கு மறுபக்கத்து முன்ஜன்னலில் வெளியேறுகிறது. இருவருக்கும் நடுவில் காற்றாலேயே ஒரு திரை.

பழைய அம்பாசிடர், பத்மினி டிரைவர்களுக்கு இதில் ஒரு பாதி கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திறந்துவைத்தால் பீடிப் புகை நூல்பிடித்தாற்போல் அதன் வழியே வெளியே போகும். அந்தக் கண்ணாடியை ஒழித்துக்கட்டியதில் கார்க் கம்பெனிகள் நமக்கு நல்லது செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

*

பங்காருபேட்டையிலிருந்து வரும்போது பின்சீட்டில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது. முன்னால் மாமாவின் துண்டு படபடத்தது. பின்னால் புகை எழுந்து, கூரையில் முட்டி, அங்கேயே சுற்றிச்சுற்றி நின்றது. இடது பின்கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினேன். கூரைப் புகை கலைந்து குறுக்கே சாய்ந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து, டிரைவரின் தோளை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டது.

“ஒரு வாய் போதாதுப்பா. கீழயும் அப்படித்தான்,” என்றார் மாமா. அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். “ஒரு ஷாஃப்ட்ல காத்து இறங்கணும், இன்னொண்ணுல ஏறணும். நடுவுல கதவை எவனாவது சாத்தாம வந்துட்டான்னா அந்த லெவலே புழுங்கிச் சாகும்.”

கதவு என்று அவர் சொன்னது சுரங்கப் பாதைக்குக் குறுக்கே நிற்கும் காற்றுக் கதவை. திறந்துவிட்டால் காற்று சுருக்குவழியில் திரும்பிவிடும். பாறையை உடைத்துக்கொண்டிருப்பவனுக்குப் போய்ச் சேராது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அடிமட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. மேலிருந்து அனுப்பும் காற்றும் குளிர்ச்சியாகவே போய்ச் சேருவதில்லை. இறங்க இறங்க அழுந்துவதால் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். ஈரச் சுவர்கள் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். அதனால்தான் தரைமேலேயே காற்றைக் குளிரவைத்து இறக்கவேண்டி வந்தது. காற்றை நகர்த்துவது எத்தனை செலவு பிடித்த காரியம் என்று இந்த ஊருக்குத் தெரிந்ததுபோல் வேறு ஊருக்குத் தெரிந்திருக்காது.

அதே சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். வாசலே கேளாமல் பாறைக்குள் வந்துபோகிற ஒன்றை, காற்றுக்கு இரண்டு வாசல் வைத்துத் தந்த இடத்தில் உட்கார்ந்துதான் பிடிக்க முடிந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. காற்று இறங்கிய வழியெல்லாம் இப்போது தண்ணீர்.

*

சன்ரூஃப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரைமேல் ஓடும் காற்றுக்கும் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. எனவே சன்ரூஃபின் பின்விளிம்பை மட்டும் லேசாகத் தூக்கிவைத்தால், அது காற்றை உள்ளே விடும் ஜன்னலாக அல்ல, கூரையடியில் தேங்கிய சூட்டை வெளியே இழுக்கும் புகைபோக்கியாக வேலை செய்யும். மாமாவின் கணக்கில் அது ஏறுகிற ஷாஃப்ட். முழுக்கத் திறந்தால் சில வேகங்களில் காதுக்குள் ‘டுப் டுப்’ என்று அடிக்கும். ஒரே ஒரு பின்கண்ணாடியை மட்டும் இறக்கினாலும் அதே அடி. காலி பாட்டிலின் வாயோரம் ஊதினால் வருகிற ஒலியின் அண்ணன் அது; வண்டி பெரிய பாட்டில் என்பதால் காது கேட்கும் எல்லைக்கும் கீழே போய், செவிப்பறையில் அழுத்தமாக மட்டும் தெரிகிறது. இன்னொரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

*

மேடுகளிலிருந்து வெண்புழுதி கிளம்பும் நாளில் இந்த ஞானமெல்லாம் செல்லாது. எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டியதுதான். ஆனால் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை நெடுநேரம் அழுத்தி வைக்கக் கூடாது. நாலு பேர் மூச்சு சேர்ந்தால் டிரைவருக்குக் கண் சொருகும். வெளிக்காற்றுக்கு மாற்றி, மின்விசிறியை இரண்டாம் எண்ணில் வைத்தால், வண்டிக்குள் அழுத்தம் வெளியைவிட ஒரு இழை கூடும். கதவிடுக்குகளில் காற்று வெளிநோக்கிக் கசியும், தூசி நுழையத் தயங்கும். உள்ளே வருவது ஃபில்டர் வழியே மட்டும். அந்த ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சாம்பியன் ரீப்ஸுக்கு அந்தக் கணக்கு ஆகாது. அதில் பாதி தூரம் ஓடியதுமே, கையுறை வைக்கும் பெட்டியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.