வீட்டுக்கு அனுப்பிய பிறகு

மனநோய் தணிந்த ஒருவரை அவருடைய குடும்பத்தாரிடம் ஒப்படைத்ததும் மருத்துவரின் கடமை முடிந்துவிடுகிறதா? சட்டப்படி முடிந்துவிடுகிறது, அறத்தின்படி முடிவதில்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனனின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்கலாம். 1923இல் மங்களூரில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் மனநல மருத்துவம் பயின்றார். 1959இல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்து, 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அன்று நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டம். நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்த உறவினர்கள் திரும்பி வராமல் போவது வழக்கமாக இருந்தது. 1950களில் வந்த குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் முதன்முறையாக, வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்ற நிலையை உண்டாக்கின. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு புறநோயாளிப் பிரிவை வளர்த்தார் சாரதா மேனன். பூட்டிய வார்டில் ஒரு மனிதரின் ஆயுளைக் கழிக்க விடுவது சிகிச்சை ஆகாது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

குடும்பத்தின் பக்கம் திரும்பியதில் அவர் தனித்து நிற்கவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் ஒருவர் உடன் தங்கும் முறையையே கைக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆக்ரா உட்பட ஒன்பது நாடுகளின் மையங்களில் நடத்திய மனச்சிதைவு நோய் ஆய்வில், வளரும் நாடுகளின் நோயாளிகள் பலர் செல்வ நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறியது தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் நோய் புதிதாகத் தொடங்கிய 90 பேரை எடுத்துக்கொண்டு, டாக்டர் தாராவும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கும் கணிசமானவர்கள் தேறினார்கள். இதற்கெல்லாம் குடும்பம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருப்பது நோயாளிக்கு நல்லது என்பதை மறுப்பார் இல்லை.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழுகிறது. குடும்பம் என்று நாம் பெருமையாகச் சொல்வது நடைமுறையில் யாரை? பெரும்பாலும் ஒரு தாயை, அல்லது மனைவியை, அல்லது மணமாகாத தங்கையை. 1730களில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். கூவத்தின் வளைவுக்குள் நெருக்கியடித்து நிற்கும் அதன் தெருக்களில், ஒட்டுக்குடித்தன வீட்டின் ஒற்றை அறையில், இரவெல்லாம் உறங்காமல் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் மகனை வைத்துக்கொண்டு, விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டிய தாய்க்கு "வீடே நல்ல மருந்து" என்று சொல்வது எவ்வளவு எளிது! தறி வீட்டுக்குள் இருந்த காலத்தில் முடிந்த அளவு வேலை செய்ய ஓர் இடமாவது இருந்திருக்கும். இன்றைய வேலை, நேரம் தவறினால் கைவிட்டுப் போகும். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணமும் நின்றுபோகும். இந்தச் சுமையை அன்பின் பெயரால் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, மருத்துவமனை காலியாகிவிட்டது என்று மகிழ்வது நேர்மையல்ல.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது: குடும்பமே கைவிடும், கொடுமையும் செய்யும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளின் காப்பகக் கொட்டகை ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 25 பேருக்கும் மேல் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். அவர்களில் பலரை அங்கே சேர்த்தது குடும்பத்தார்தான். மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த சென்னைப் பெண்களைப் பற்றிய தாராவின் ஆய்வில், கணவன் கைவிட்டபின் வயதான பெற்றோரிடம் திரும்பியவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் சிலர் அப்போதும் தாலியைக் கழற்றவில்லை. இவற்றைக் காட்டி, பழைய பூட்டிய வார்டே மேல் என்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. ஏர்வாடிக்கு நோயாளியைக் கூட்டிப்போன தகப்பனுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்காமல் அவனை மட்டும் குற்றவாளியாக்குவது பாதி நீதி. துணையின்றி விடப்பட்ட குடும்பம் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வு எந்த நேரத்திலும் கொடுமையாக மாறக்கூடும்.

அப்படியானால் வேலை தேடிக் கொடுப்பதும் தாய்க்கு ஓய்வு தேடிக் கொடுப்பதும் மருத்துவரின் பொறுப்பா என்று கேட்கலாம். நாள்தோறும் கூட்டம் கூட்டமாக நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவரிடம் இதையும் எதிர்பார்ப்பது அநியாயம் என்பதும் உண்மையே. இதற்குச் சாரதா மேனன் வாதத்தால் அல்ல, செயலால் பதில் சொன்னார். ஓய்வூதியத்தோடு ஒதுங்கியிருக்க எல்லா நியாயமும் இருந்தும், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கினார். நோயின் குரல்கள் அடங்கியபின்னும் வேலையில்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொழிற்பயிற்சி, பகல்நேரப் பராமரிப்பு, குடும்பத்தாருக்கு ஆலோசனை என்று அந்நிறுவனத்தின் பணி விரிந்தது. 1992இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2021 டிசம்பரில் காலமானார். ஒரு மருத்துவர் தனியாக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தன் கையெழுத்தில் வீட்டுக்குப் போகிறவர் எங்கே போகிறார் என்று கேட்கவும், அங்கே இல்லாததை உரத்துச் சொல்லவும் அவருக்குக் கடமை உண்டு. நோயாளிக்கும் இதில் ஒரு சொல் உண்டு: எந்த வீட்டுக்கு, யாருடன் போவது என்பது அவரையும் கேட்டு முடிவாக வேண்டியது.

மீதிப் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அமைப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கும் எழுபது வயதுத் தாய்க்கு, நடந்துபோகும் தூரத்தில் அப்படி ஓர் இல்லம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்று என்று கேட்பது அதிகமல்ல.