தட்டுப்பாட்டில் யாருக்கு முதல் ஊசி?

செமாக்ளூடைட், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்க வைக்கும், பசியையும் அடக்கும். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் இதை இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஓசெம்பிக் என்றும் எடைக் குறைப்புக்கு வீகோவி என்றும் விற்கிறது. 2022 முதல் சில ஆண்டுகள் உற்பத்தி தேவைக்கு எட்டவில்லை. நீரிழிவுக்கான ஊசியை எடை குறைக்கவே பலர் வாங்கினர். பிரிட்டன் 2023 ஜூலையில் இதைத் தடுக்க மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதே எச்சரிக்கை, புதிதாக எந்த நீரிழிவு நோயாளிக்கும் இவ்வகை மருந்தைத் தொடங்க வேண்டாம் என்றும் சொன்னது. தட்டுப்பாடு தீருமுன்பே, செப்டம்பரில், வீகோவி அங்கே விற்பனைக்கு வந்தது.

நோயாளிக்கு முதலிடம், மெலிய விரும்புபவர் காத்திருக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பருமனும் நோய்தான். இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள, நீரிழிவு இல்லாதவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை இம்மருந்து 20 சதவீதம் குறைத்ததாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. மறுபக்கம், நீரிழிவு உள்ளவருக்கு எடை குறைவதே சிகிச்சையின் பாதி. அவர் மெலியக் கேட்பதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது. ஆனால் பலனைக் கிலோவில் எடைபோட்டால் அவர்தான் பின்தங்குவார்: 68 வார ஆய்வுகளில் நீரிழிவு இல்லாதவர்கள் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள், உள்ளவர்கள் 9.6 சதவீதம்தான்.

நோயின் பெயரையோ குறைந்த கிலோவையோ விட, ஊசி கிடைக்காத வாரத்தில் யாருக்கு என்ன ஆகிறது என்பதே பொருத்தமான அளவுகோல். வாரம் ஒருமுறை பேனாவின் நுனியைத் திருகி அளவு வைத்து, வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்பவர் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாக ஏறியவர். சில வாரம் விட்டுப்போனால் பழைய அளவுக்கு அப்படியே திரும்ப முடியாது. குமட்டலும் வாந்தியும் வரும் என்பதால் பெரும்பாலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறிவிடும். எடைக்காகப் போட்டவருக்கும் இழப்பு உண்டு: நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுவதாக ஓர் ஆய்வில் தெரிந்தது. ஆகவே மருத்துவத் தேவைக்காக ஏற்கெனவே போடுபவர், எந்த நோய்க்காரரானாலும், புதியவருக்கு முன்னே நிற்க வேண்டும். அவர்களுக்குள்ளும் மாற்று மருந்து ஒத்துக்கொள்ளாத நீரிழிவு நோயாளிக்கு முன்னுரிமை. இன்சுலின் இருக்கிறதே என்பது அவருக்கு முழுப் பதிலாகாது. அது எடையைக் கூட்டக்கூடியது. நோய் எதுவுமின்றி, கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைய வேண்டும் என்பவருக்குத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த வரிசையில் இடமில்லை. அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் அடுத்தவரின் பேனாவைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.