பாவனைப் போரும் ஆசான் கடனும்

ஒருவனுக்கு ஒரு கலையைக் கற்பிப்பதென்பது அக்கலை பற்றிய செய்திகளைச் சொல்லிவிடுவது மட்டுமன்று. எதனைப் பார்க்கவேண்டும், எதனைப் பாராது விடவேண்டும் என்று கற்போனின் கண்ணைப் பழக்குவதும் அதனுள் அடங்கும். தச்சன் தன் மாணாக்கனுக்கு மரத்தின் ரேகையைப் பார்க்கப் பழக்குகிறான். மருத்துவ ஆசிரியர் நோயாளியின் முகத்தை விட்டு அவனது நகத்தின் நிறத்தைப் பார்க்கப் பழக்குகிறார். இவற்றில் ஒழுக்கவியல் வினா எதுவும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆயின், கற்பிக்கப்படும் கலை மனித உருவொன்றைக் கண்டதும் சுட்டு வீழ்த்துவதாக இருப்பின், அவ்வுரு வெறும் ஒளிப்புள்ளிகளால் ஆனதாயினும், வினா எழாமற் போவதில்லை. ஆடுபவனின் கண்வழியாகவே களத்தைக் காட்டி, அவன் கையில் துவக்கொன்றையும் கொடுத்துவிடும் கணினி விளையாட்டுக்களைப் 'பெர்ஸ்ற் பேர்சன் ஷூட்டர்' என்பர். அவற்றை முதன்முதலாக ஆடவரும் ஒருவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவன் எத்தகைய பொறுப்பை ஏற்கிறான் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் இப்பொருள் எதற்கு என முகஞ்சுழிப்போர் இருக்கலாம். விடுதி அறைகளில் இரவு பதினொரு மணிக்குப் பின்னர் நிகழ்வது யாதென அவர்கள் அறியாதவர்களாதல் வேண்டும்.

இவ்விளையாட்டுக்கள் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: இவற்றை ஆடும் இளைஞன் வன்முறையாளன் ஆகின்றானா? இக்கேள்விக்கு ஆய்வாளர் தந்துள்ள விடைகள் அச்சமூட்டுவன அல்ல. இளைஞருக்கு வன்முறை விளையாட்டுக்களை விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியாச் சட்டமொன்றை அமெரிக்க உயர்நீதிமன்றம் 2011 இல் செல்லாததாக்கியது. முன்வைக்கப்பட்ட ஆய்வுகள் காரணகாரியத் தொடர்பை நிறுவவில்லை என்று அது கூறிற்று. 2019 இல் ஆய்வாளர் இருவர் பிரித்தானியாவின் 14, 15 வயதினரை ஆராய்ந்து, அத்தகைய ஆட்டத்துக்கும் அவர்தம் மூர்க்க நடத்தைக்குமிடையே தொடர்பெதனையும் காணவில்லை. அமெரிக்க உளவியற் சங்கம் 2020 இல், கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற சிறு மூர்க்கங்களோடு சிறியதொரு தொடர்பு உண்டென்றும், வன்செயலுக்கு இவ்விளையாட்டுக்களைக் காரணங்காட்டப் போதிய சான்றில்லையென்றும் கூறியது.

இவ்வளவோடு விடயம் முடிந்துவிட்டதெனப் பலர் கருதுகின்றனர். விளைவு இல்லை, ஆகவே வினாவும் இல்லை என்பது அவர்தம் வாதம். இதனை ஏற்றல் இயலாது. ஒரு செயலின் ஒழுக்கத் தன்மை அதன் பின்விளைவில் மட்டும் தங்கியிருப்பதில்லை. பிறர் கடிதத்தைக் களவாகப் படித்துவிட்டு மறந்துபோகிறவனால் எவருக்கும் தீங்கு விளையாதிருக்கலாம். அதனாற் செயல் குற்றமற்றதாகிவிடுமா? எனவே, கற்பிக்கப்படுவது உண்மையில் யாது என்பதையே முதலில் நோக்குதல் தகும்.

புதியவன் ஒருவன் திரையின் முன் அமர்ந்ததும் நிலத்தையோ வானத்தையோ பார்த்தபடி சுவரில் மோதி நிற்பான். இடக்கை சாவிப்பலகையின் நான்கு எழுத்துக்களில் நின்று உடலை நடத்தவேண்டும். வலக்கை சுட்டியைப் பற்றிக் கண்ணை நடத்தவேண்டும். பிறந்தது முதல் ஒன்றாகவே இயங்கிவந்த உடலையும் பார்வையையும் இரண்டாகப் பிரித்து, இரு கைகளிடமும் பங்கிட்டுக் கொடுப்பதே முதற்பாடம். இது முன்னைய ஆட்டக்காரருக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. 1993 டிசெம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் ஆட்டத்தில் மேலும் கீழும் பார்க்கும் வசதியே இல்லை. எதிரி மேல்தளத்தில் நின்றாலும் ரவை தானே உயரத்தைக் கண்டுகொள்ளும். 1996 இல் வந்த 'குவேக்' களத்தை உண்மையான முப்பரிமாணம் உடையதாக்கியபோதே சுட்டியாற் பார்க்கும் கலை வளரத் தொடங்கிற்று. 2001 இல் வந்த 'ஹேலோ', தொடக்கத்திலேயே ஆடுபவனைச் சில விளக்குகளைப் பார்க்கும்படி கேட்டு, மேல்கீழ் அசைவு அவனுக்கு எவ்வாறு இயல்பாக வருகிறதென அறிந்து அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. மாணாக்கனின் கை எப்பக்கம் போகிறதென முதலில் கேட்கும் ஆசிரியர் எம்மிடையே எத்தனை பேர் உள்ளனர் என எண்ணத் தோன்றுகிறது.

அடுத்து வருவன நுட்பங்கள். 1999 இல் இரு இளைஞர்கள் வேறோர் ஆட்டத்தைத் திருத்தி உருவாக்கிய 'கவுண்டர்-ஸ்ரைக்' இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு ஆடப்படுவது, அதனையே எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டு சுட்டால் ரவை எங்கோ போகும், நின்று சுடவேண்டும். ஓடும் திசைக்கு எதிர்த்திசைச் சாவியை ஒருகணம் தட்டினால் உடனே நிற்கலாம். தொடர்ந்து சுட்டால் துவக்கின் வாய் மேலெழும். சுட்டியை மெல்லக் கீழிழுத்து அதனை அடக்கவேண்டும். ஓடினாற் காலடி எதிரிக்குக் கேட்கும், நடந்தாற் கேளாது. ஒரு ரவை சுட்டவுடன் ரவைக்கூட்டை மாற்றும் ஆசை புதியவர் எல்லோருக்கும் உண்டு. அதனை அடக்காதவன் கூட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வீழ்வான். இவை யாவற்றிலும் தலையாயது ஒன்று: திரையின் நடுவிலுள்ள குறிப்புள்ளியை எப்பொழுதும், எவரும் இல்லாதபோதும், மனிதத் தலையின் உயரத்தில் வைத்துக்கொண்டே நடக்கவேண்டும்.

இந்த இறுதிப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் சொல்பவனுக்கே ஒரு துணுக்கம் உண்டாகிறது. ஏனையவை யாவும் கைத்திறன். கூடைப்பந்திலும் தட்டச்சிலும் இவற்றுக்கு ஒப்பானவை உண்டு. இதுவோ உலகத்தைப் பார்க்கும் முறை. வாயிலைக் கண்டால் வாயில் தெரிதல் கூடாது. அதில் ஒரு தலை தோன்றக்கூடிய உயரமே தெரிதல் வேண்டும்.

பாரதக் கதையிலே துரோணர் நடத்திய பரீட்சை ஈண்டு நினைவுகூரத்தக்கது. மரத்தின் உச்சியிலிருந்த பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று சீடர்களை அவர் வினவினார். மரத்தையும் ஆசானையும் உடன்பிறந்தாரையும் கண்டவர்கள் தேறவில்லை. அருச்சுனன் ஒருவனே பறவையை மட்டும், பின்னர் அதன் தலையை மட்டும் கண்டான். இக்கதையை மனஒருமைக்கு உதாரணமாகப் பாடசாலைகளிற் சொல்வது வழக்கம். அப்பறவை உயிருள்ளதன்று, கைவினைஞரைக் கொண்டு செய்விக்கப்பட்ட பொம்மை என்ற செய்தியை மட்டும் ஏனோ பலர் விட்டுவிடுகின்றனர். துரோணர் செய்தது பாவனை இலக்கொன்றை அமைத்துப் பார்வையைக் குறுக்கக் கற்பித்ததேயாகும். அவ்வகையில் இன்றைய விளையாட்டின் அரிச்சுவடி அவருடையதே. பார்வையைக் குறுக்கப் பழக்குவது குற்றமன்று. குறுக்காமல் எக்கலையும் கைவராது. ஆனால் பின்னாளில் மெய்யான களத்தில், எதிரே நின்றவர்களை அருச்சுனன் இலக்குகளாக அன்றிப் பாட்டனாகவும் ஆசானாகவும் கண்டபோது அவன் கை தளர்ந்தது. குறுகிய பார்வை எப்பொழுது விரியவேண்டும் என்பது துரோணரின் பாடத்திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

இக்குறையை நன்கு உணர்ந்து பயன்படுத்தியவர்கள் இராணுவத்தினரே. அமெரிக்க மரைன் படையினர் 1996 இல் 'டூம்' ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தைத் திருத்தி, நால்வர் கொண்ட அணிகள் ஒருங்கியங்கப் பழகும் கருவியாக்கினர். 2002 ஜூலை 4 ஆம் திகதி அமெரிக்கத் தரைப்படை 'அமெரிக்காஸ் ஆர்மி' என்னும் ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. ஆட்சேர்ப்புக்கு உதவுவதே அதன் நோக்கம். 2022 வரை அது இயங்கிற்று. அதிலே புதியவன் முதலிற் பயிற்சிக் களத்திற் குறிபார்த்துச் சுட்டுத் தேறவேண்டும். போர் விதிகளை மீறுபவன் பாவனைச் சிறைக்கூடமொன்றில் அடைக்கப்படுவான். இவை செம்மையான ஏற்பாடுகளே. என்னைச் சிந்திக்கவைத்தது பிறிதொன்று. இரு அணிகள் ஒன்றையொன்று எதிர்க்கும்போது ஒவ்வோர் அணியினருக்கும் தாங்கள் அமெரிக்கப் படையினராகவே தோன்றுவர். எதிரணியினரே பகைவராகத் தோன்றுவர். ஆயிரம் முறை ஆடினும் எவனும் ஒருதரமேனும் பகைவனாக இருப்பதில்லை.

எமது ஆடுபுலி ஆட்டத்தை இதனோடு ஒப்பிடுக. இம்முறை புலியாக இருந்த சிறுவன் அடுத்தமுறை ஆடாக இருந்தேயாகவேண்டும். இன்றேல் எதிரிலிருப்பவன் எழுந்து போய்விடுவான். கள்ளன்-பொலிஸ் விளையாட்டிலும் கள்ளனாவதற்கு எல்லோருக்கும் முறை வரும். சதுரங்கத்திற் காய் வெட்டுகிறவன் வெள்ளையையும் ஆடுவான், கறுப்பையும் ஆடுவான். கவுண்டர்-ஸ்ரைக்கிலும் இவ்விதி உண்டு. ஓரணி குண்டுவைக்கும் பயங்கரவாதிகள், மற்றது அதனைத் தடுப்போர். 2023 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் போட்டி ஆட்டத்தில் 12 சுற்றுக்கள் முடிந்ததும் இரு அணிகளும் இடம்மாறும். யார் பயங்கரவாதி என்பது அங்கே முதற்பாதியா இரண்டாம் பாதியா என்பதைப் பொறுத்த விடயம். இதனை அமைத்தவர்கள் அறம் போதிக்க எண்ணியிருக்கமாட்டார்கள்; களம் ஒருபக்கத்துக்குச் சாதகமாக இருந்துவிடக்கூடாது என்ற கணக்கே காரணம். எனினும், விளையாட்டையும் பயிற்சிமுகாமையும் வேறுபிரிக்கும் கோடு இவ்விடத்திலேயே உள்ளதென்பது என் கருத்து. இடம்மாற இயலுமாயின் எதிரி ஒரு பாத்திரம். இயலாதாயின் அவன் ஓர் இனம். எனவே புதியவனுக்குக் கற்பிப்பவன் தனக்குப் பிடித்த பக்கத்திலேயே அவனை இருத்திவைத்தல் தவறு. பாதுகாத்து நிற்பவனின் அச்சத்தையும் புகுந்து தாக்குபவனின் அச்சத்தையும் ஒரே மாலையில் அவன் அறிதல் வேண்டும்.

இதுவரை திரையிலுள்ள உருவத்தைப் பற்றியே பேசினோம். அவ்வுருவத்துக்கு நோவதில்லை. நோகக்கூடியவர் திரைக்கு அப்பாலும் இப்பாலும் இருக்கின்றனர். விமரிசகரின் கண்ணில் இவர்கள் படாமற்போவது வியப்பே. தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் புதுப்பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, புதியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட களத்தினுட் புகுந்து அவர்களை மிதித்து மகிழ்வர். தவறுசெய்த தோழனைத் தாய்மொழியிலேயே இழிசொல்லால் ஏசுவோர் உண்டு. பெண்குரல் ஒன்று கேட்டுவிட்டாலோ ஏச்சின் தரம் இன்னும் தாழும். இதனாற் குரலடைத்து ஊமையாக ஆடும் மாணவியர் இவ்வளாகத்திலேயே உளர். ரவை பாவனை, ஏச்சு பாவனையன்று. குறிப்புள்ளியை எங்கு வைப்பதென நூறுமுறை சொல்லிக்கொடுக்கும் நண்பன், தோற்றபின் வாயை எவ்வாறு வைத்துக்கொள்வதென ஒருமுறையேனும் சொல்லாதிருப்பின், அவன் அரிச்சுவடியின் பாதியையே கற்பித்தவனாவான்.

இப்பாலுள்ளோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமது நாட்டில் 2009 மே மாதத்திலேதான் யுத்தம் ஓய்ந்தது. என் தலைமுறையினர் அதனைக் குழந்தைப் பருவத்து நினைவாகவே அறிவோம். எம் வீடுகளிலுள்ள மூத்தோர் அவ்வாறல்லர். தம்பிமுறையான சிறுவன் ஒருவனுக்கு நான் இவ்வாட்டத்தைப் பழக்கிய நாள்களிலே, அடுத்த அறையிலிருந்து பெரியம்மா, "உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையப்பு" என்பார். வேறெதுவும் சொல்லமாட்டார். அன்றிலிருந்து துவக்கைத் தொடுமுன் ஹெட்செற்றை மாட்டுவது எங்கள் முதல்விதி ஆயிற்று. காலடி ஓசையின் திசையறிய அதுவே சிறந்த வழியுமாகும். ஆதலால் அவன் முணுமுணுக்கவில்லை. துவக்கின் ஓசை ஒருவருக்கு ஆட்டத்தின் சைகை, மற்றவருக்கு வேறொன்று என்பதை அவனுக்கு விளக்க எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. எங்கள் வீட்டிற் பிறந்தவனுக்கு அது எளிதில் விளங்கக்கூடியதே.

இவ்வாதத்துக்கு ஒரு தடையுண்டு. திரைக்கப்பால் ஆள் இருப்பதாலேயே ஒழுக்கம் வருகிறதெனின், கணினியே இயக்கும் பொம்மை எதிரிகளோடு தனித்து ஆடுபவனுக்கு ஒழுக்கம் எதுவுமே இல்லையா? புதியவர் பெரும்பாலும் அவற்றோடுதானே பழகுகின்றனர்? ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், விலங்குகளுக்கு மனிதன் நேரடியாக எக்கடமையும் உடையவனல்லன் என்றே கருதியவர். அவரும், தனக்கு உழைத்துக் கிழடான நாயைச் சுட்டுக்கொல்பவன் தன்னுள்ளிருக்கும் மனிதத் தன்மையையே ஊறுபடுத்துகிறான் என்றார். பொம்மைக்கும் இது பொருந்துமா? நாய் உண்மையில் நோவும் பயனும் உடையது, பொம்மை அப்படியன்று. எனினும், சில பொம்மைகள் முன் எமது கை தயங்கவே செய்கிறது. 2007 இல் வந்த 'போர்ட்டல்' இதே கண்வழி ஆட்டம். கையிலுள்ள கருவி மட்டும் கொல்வதில்லை, சுவர்களில் வாயில்களைத் திறக்கிறது. அதிலே இதயச் சின்னம் பொறித்த பெட்டியொன்றை நெடுநேரம் துணையாகச் சுமந்தபின், உலையில் எறிந்தாலன்றி மேற்செல்ல இயலாது. வெறும் பெட்டி! ஆயினும் எறியுமுன் சற்று நின்றவர் பலர். நடக்கவும் பார்க்கவும் பழகவேண்டியவனை முதலில் இவ்வாட்டத்தில் இறக்கிவிடுதல் நன்றென்பது என் அனுபவம். கைகள் இரண்டும் தேறிவிடும். கொலை பற்றிய பேச்சைப் பின்னர் ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மறுதலையான உதாரணம் 2009 இல் வெளிவந்த 'கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபேர் 2'. அதில் வேவுபார்க்கச் சென்ற ஒருவனாக ஆடுபவன், விமானநிலையமொன்றிலே நிராயுதபாணிகளான பயணிகளைச் சுட்டுத்தள்ளும் கூட்டத்தோடு நடக்கவேண்டியுள்ளது. அங்கே போட்டியும் இல்லை, இடமாற்றமும் இல்லை. எதிர்க்க இயலாதவரின் உருவங்களே உள்ளன. கைத்திறனுக்கு அவ்விடத்தில் வேலையில்லை. குறிப்புள்ளி எந்த உயரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். அக்கட்டத்தை ஆடாமலே தாண்டிச் செல்ல விரும்புகிறாயா என்று ஆட்டம் முன்கூட்டியே கேட்கிறது. ஆட ஒப்பியவனும் பயணிகள்மீது ஒரு ரவையேனும் சுடாமல் அவர்களுடன் நடந்துபோகலாம்; கதை தடைப்படுவதில்லை. இதனை அறியாமலே விசையை அழுத்திக்கொண்டு போனவர் பலர். பழகியவன் பக்கத்தில் இருந்தால், அக்கட்டம் தொடங்குமுன் புதியவனிடம் இதனைச் சொல்ல அரை நிமிடம் போதும்.